கேஸ் கடைசி: பழைய ஸ்போர்ட்ஸ் காரின் ஏசி, ஹீட்டர் கோளாறுகளை அறிகுறி பார்த்துப் பிடிப்பது

சேலத்தில் எந்த ஏசி கடை வாசலில் காரை நிறுத்தி "குளிர் வரவில்லை" என்று சொன்னாலும் முதல் பதில் ஒன்றாகத்தான் இருக்கும்: "கேஸ் குறைந்திருக்கும் சார், போட்டுவிடலாம்." தொழிற்சாலையிலிருந்தே ஏசியோடு வந்த காருக்கு அந்தப் பதில் பல நேரம் சரியாக இருக்கும். நாமாக ஏசி பொருத்திய பழைய காருக்கு அது பெரும்பாலும் பொருந்தாது. ஒரே மாதத்தில் இரண்டு முறை கேஸுக்குப் பணம் கொடுத்த பிறகுதான் எனக்கு இது உறைத்தது. கேஸ் ஒரு கிராம்கூடக் குறையவில்லை. குற்றவாளி, எஞ்சின் தலையில் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்த சின்னத் தண்ணீர் வால்வு. அந்தக் கதை முதல் அறிகுறியிலேயே வருகிறது.

என்னிடம் இருப்பது 1966ஆம் ஆண்டு எம்.ஜி.பி. ஜி.டி. கூரை மூடிய, பின்கதவு வைத்த வகை. 1798 சி.சி. எஞ்சின். நம் அம்பாசடரில் வந்த 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சினும் இதுவும் ஒரே பி-சீரிஸ் குடும்பம். அதனால் வண்டி இங்கிலாந்துக்காரன் என்றாலும் நம்மூர் மெக்கானிக்குகளின் கைக்கு அந்நியமில்லை. தொடக்க காலத்தில் இந்தக் காருக்கு ஹீட்டரே கூடுதல் பணம் கொடுத்து வாங்க வேண்டிய பொருளாக இருந்தது. அப்படிப்பட்ட வண்டியில் டேஷ்போர்டுக்கு அடியில் தொங்கும் கூலிங் காயில் பெட்டி, கேஸை அழுத்தித் தள்ளும் 138 சி.சி. சாண்டன் கம்ப்ரஸர், ரேடியேட்டருக்கு முன்னால் வெப்பத்தை வெளியே கொட்டும் கண்டன்ஸர் என்று பொருத்தியிருக்கிறேன். பழைய ஸ்மித்ஸ் ஹீட்டரை எடுக்கவில்லை. கீழே சொல்வதில் முக்கால் பங்கு பத்மினிக்கும் ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்கும் அம்பாசடருக்கும் பொருந்தும்.

ஹீட்டர் எதற்கு என்று கேட்பவர்கள் மார்கழி மாத விடியலில் ஏற்காட்டு ஏரிக்கரையில் பழைய கார் ஒன்றைக் கிளப்பிப் பார்த்தவர்கள் அல்லர். சேலம் ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு 1500 மீட்டர். முப்பது கிலோமீட்டர் தூரத்துக்குள் ஒரே வண்டி இரண்டு வேறு ஊர்க்காரனாக மாற வேண்டியிருக்கிறது.

கைவசம் வேண்டியவை: காற்று வரும் வாயில் செருகிப் பார்க்கும் தெர்மாமீட்டர், மல்டிமீட்டர், கேஸின் குறைந்த அழுத்தப் பக்கம் (லோ), மிகுந்த அழுத்தப் பக்கம் (ஹை) இரண்டையும் காட்டும் கேஜ், ஒரு பாக்கெட் ஊதுபத்தி. ஊதுபத்தி சாமிக்கு அல்ல, பயன் பிறகு தெரியும். கேஸ் குழாயைத் திறக்கும் வேலை எதையும் நீங்களே செய்யாதீர்கள். ஏசிக்குள் சுற்றும் ஆர்-134ஏ கேஸ் மைனஸ் 26 டிகிரியில் கொதிக்கும். கண்ணில் பட்டால் பார்வை போகும்.

எல்லாம் ஓடுகிறது, ஆனால் காற்று சில்லென்று இல்லை

கம்ப்ரஸர் கிளட்ச் 'டக்' என்று பிடிக்கிறது, ப்ளோயர் சுற்றுகிறது, ஆனால் மதியம் இரண்டு மணிக்குக் காற்று வரும் வாயில் 22 டிகிரி. வெளியே 40 டிகிரி அடிக்கும் நாளில், உள்காற்றையே சுழற்றும் நிலையில், எஞ்சினை 1500 சுற்றில் வைத்துப் பத்து நிமிடம் ஓட்டினால் 15 டிகிரிக்குக் கீழே வர வேண்டும். வந்தால் பழைய காருக்கு அது நல்ல ஏசி. புதுக் காரோடு ஒப்பிட்டு மனதைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

வரவில்லையென்றால் முதலில் ஹீட்டரைச் சந்தேகியுங்கள். ஆம், ஹீட்டரைத்தான். எஞ்சின் சூடானதும் ஹீட்டருக்குப் போகும் இரண்டு ரப்பர் ஹோஸ்களையும் தொட்டுப் பாருங்கள். டேஷ்போர்டில் குமிழ் 'குளிர்' பக்கம் இருந்தும் இரண்டும் கை பொறுக்காத சூட்டில் இருந்தால், கொதிநீர் நேராக ஹீட்டர் கோருக்குள், அதாவது ஹீட்டர் பெட்டிக்குள் இருக்கும் குட்டி ரேடியேட்டருக்குள், ஓடிக்கொண்டிருக்கிறது. டேஷ்போர்டுக்குப் பின்னால் அடுப்பை எரியவிட்டுக்கொண்டு முன்னால் ஐஸ்கட்டி வைத்திருக்கிறீர்கள். உறுதிப்படுத்த, உள்ளே போகும் ஹோஸைத் துணி சுற்றி ஒரு கிளாம்பால் நெரித்து மூடுங்கள். பத்து நிமிடத்தில் வாயில் வெப்பநிலை இறங்கினால் முடிந்தது விசாரணை.

என் வண்டியில் இறங்கியது, ஐந்து டிகிரி. சிலிண்டர் ஹெட்டின் மேல் இருக்கும் ஹீட்டர் வால்வைக் குமிழிலிருந்து வரும் ஒரு கேபிள் இழுக்கிறது. அரை நூற்றாண்டு இழுத்த கேபிள் நீண்டுவிட்டது. குமிழ் முழுதாகத் திரும்பியும் வால்வு கால்வாசி திறந்தே கிடந்தது. இரண்டு முறை கேஸ் போட்ட கடையில் யாரும் பானட்டின் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை என்பதால் அவர்களை அதிகம் திட்ட எனக்கு உரிமையில்லை. கேபிளின் வெளிக்கூட்டைப் பிடித்திருக்கும் திருகைத் தளர்த்தி, வால்வு முழுதாக மூடிய நிலையில் மறுபடி இறுக்கினால் போதும். வால்வே தேய்ந்திருந்தால் மாற்றுங்கள். நான் கூடுதலாக ஹோஸின் நடுவே ஒரு பித்தளை பால் வால்வும் போட்டுவிட்டேன். மாசியில் மூடினால் ஆடியில்தான் திறப்பேன்.

ஹீட்டர் நிரபராதி என்றால் அடுத்தது வெளிக்காற்று. இங்கேதான் ஊதுபத்தி. வண்டியை நிழலில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, கண்ணாடிகளை ஏற்றி, ப்ளோயரை மட்டும் முழு வேகத்தில் விட்டு, புகையை ஒவ்வோர் ஓட்டைக்கும் அருகில் கொண்டுபோங்கள். கிளட்ச் பெடல் துளை, ஸ்டியரிங் தண்டு நுழையும் இடம், வயர்கள் வரும் ரப்பர் வளையங்கள், கியர் லீவரின் தோலுறை, கால்பக்கக் காற்றுக் கதவு. புகை எங்கே வளைந்து ஓடுகிறதோ அங்கே வெளிக்காற்று புகும் வழி இருக்கிறது. எஞ்சின் அறையின் 60 டிகிரிக் காற்று ஒரு கட்டைவிரல் அகல ஓட்டை வழியாக வந்தாலும் உங்கள் கூலிங் காயிலின் உழைப்பில் ஒரு பங்கு போய்விடும். ஒரு எச்சரிக்கை: பெட்ரோல் வாடை இருந்தாலோ, கேஸ் கசிகிறது என்ற சந்தேகம் இருந்தாலோ ஊதுபத்தி கூடாது. ஆர்-134ஏ நெருப்பில் பட்டால் நச்சு வாயு உண்டாகும்.

ஓட்டைகளை அடைத்த பிறகு தரையைப் பாருங்கள். எக்ஸாஸ்ட் குழாய் ஓடும் பக்கத்தில் கார்ப்பெட்டுக்கு அடியில் வெப்பத்தடுப்புத் தாள் இல்லையென்றால், கியர்பாக்ஸ் மேடு ஒரு தோசைக்கல். இதற்குச் செலவிடும் பணம் பெரிய கம்ப்ரஸருக்குச் செலவிடுவதைவிடப் பலன் தரும்.

ஓடும்போது குளிர்கிறது, சேலம் ஐந்து ரோட்டு சிக்னலில் நின்றால் சூடாகிறது

கண்டன்ஸருக்குக் காற்று போதவில்லை. உள்ளேயிருந்து வாரி எடுத்த வெப்பத்தை வெளியே கொட்ட வழியில்லை என்று பொருள். கேஜை மாட்டி ஹை பக்கத்தைப் பாருங்கள். 40 டிகிரி நாளில் ஏறத்தாழ 230 முதல் 260 பி.எஸ்.ஐ. வரை இருக்கலாம். நின்றபடியே 300ஐத் தாண்டி ஏறிக்கொண்டிருந்தால், கண்டன்ஸர் மேல் மட்டும் படும்படி தண்ணீரை மெல்லிய தூறலாகத் தெளியுங்கள். அழுத்தம் சட்டென இறங்கினால் காற்றோட்டம்தான் குறை. இறங்கவில்லை என்றால் கேஸ் அதிகம், அல்லது அமைப்புக்குள் காற்று மாட்டியிருக்கிறது. கவனியுங்கள்: இந்த அறிகுறியில் 'கேஸ் போடலாம்' என்று கேட்டு நடப்பது நோயை முற்றவிடும் வைத்தியம்.

காற்றோட்டக் குறையில் நான் கண்ட வேடிக்கையான காரணம் மின்விசிறி தலைகீழாகச் சுற்றுவது. 1967 வரை வந்த எம்.ஜி.பி.க்கள் பாஸிட்டிவ் எர்த். பேட்டரியின் பாஸிட்டிவ் முனைதான் பாடியில் இணைந்திருக்கும். ஏசி கிட்டில் வரும் விசிறி மோட்டாரை இன்றைய காரைப் போல நினைத்து இணைத்தால் அது எதிர்ப்பக்கம் சுற்றி, கிரில் வழியாகக் காற்றை வெளியே தள்ளும். ஓடும்போது எதிர்க்காற்று அதை ஓரளவு வென்றுவிடும். நின்றால் குட்டு வெளிப்படும். கிரில் முன்னால் ஒரு தாள் துண்டைப் பிடியுங்கள். உறிஞ்சி ஒட்ட வேண்டும். பறந்தால் வயரை மாற்றுங்கள்.

உள்ளே இருக்கும் ப்ளோயருக்கும் இதே கதி நேரும், ஆனால் அதைக் கண்டுபிடிப்பது கடினம். கூண்டு போன்ற அந்த வகைச் சக்கரம் தலைகீழாகச் சுற்றினாலும் காற்று அதே பக்கம்தான் வரும், பலமில்லாமல் வரும். சத்தம் நிறைய, காற்று கொஞ்சம் என்றால் வயரை மாற்றி ஒரு முறை கேட்டுப் பாருங்கள். புது மோட்டார் வாங்கிய பிறகு இதைத் தெரிந்துகொண்ட ஒருவரை எனக்குத் தெரியும். தினமும் கண்ணாடியில் பார்க்கிறேன்.

விசிறி சரியென்றால், கண்டன்ஸருக்கும் ரேடியேட்டருக்கும் இடையே பக்கவாட்டு இடைவெளியை ஃபோம் பட்டையால் அடையுங்கள். காற்று சோம்பேறி. வழியிருந்தால் இரண்டையும் சுற்றிக்கொண்டு போய்விடும்.

மலை ஏறும்போது எஞ்சின் கொதிக்கிறது

அடிவாரத்திலிருந்து மேலே 20 கொண்டை ஊசி வளைவுகள். இரண்டாம் கியர், மெதுவான வேகம், எதிர்க்காற்று இல்லை, எஞ்சின் முழு உழைப்பு. இதற்கு நடுவே கண்டன்ஸர் கொட்டும் வெப்பமும் ரேடியேட்டரின் முகத்தில்தான் விழுகிறது. வெறும் எஞ்சினுக்கு அளவாகச் செய்த ரேடியேட்டர் அது.

இங்கே உயரமும் ஒரு கை பார்க்கிறது. ஏற்காட்டில் தண்ணீர் ஏறத்தாழ 95 டிகிரியிலேயே கொதிக்கும். மேலே பருப்பு வேகத் தாமதமாவதும் இதனால்தான். ரேடியேட்டர் மூடியின் ஸ்பிரிங் வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல்தான் தன் 7 பி.எஸ்.ஐ.யைச் சேர்க்கிறது. வெளிக்காற்றே மெலிந்துவிட்டதால், கடற்கரையில் 111 டிகிரி வரை தாங்கும் அதே மூடி, மேலே 107இல் கைவிரித்துவிடும். இது வெறும் தண்ணீருக்கு உள்ள கணக்கு. கூலண்ட் கலந்தால் சற்று மேலே போகும். பழைய மூடியின் ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் அந்த 107உம் இல்லை. ஆகவே முதல் வேலை மூடியைச் சோதிப்பது, விலை குறைந்த வேலையும் அதுவே. ரேடியேட்டரும் ஹீட்டர் கோரும் நல்ல நிலையில் இருந்தால் 10 பி.எஸ்.ஐ. மூடிக்குப் போகலாம். அவை வலுவிழந்திருந்தால் அழுத்தத்தைக் கூட்டுவது வேறோர் இடத்தில் ஓட்டை போடுவதுதான்.

இரண்டாவது, ரேடியேட்டரின் உட்பக்கம். ஆண்டுக்கணக்கில் போர் தண்ணீர் ஊற்றிய ரேடியேட்டரில் உப்புப் படிந்து குழாய்கள் அடைந்திருக்கும். எஞ்சின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டரின் முகத்தில் வெப்பநிலையை அங்கங்கே அளந்தால் குளிர்ந்த திட்டுகள் தெரியும். அங்கே தண்ணீர் ஓடவில்லை. மூன்றாவது, விசிறி பெல்ட். ஏசிக்காகக் கூடுதல் புல்லி போட்டபோது பெல்ட்டின் சுற்று குறைந்து, தண்ணீர் பம்ப் வழுக்கலாம். நான்காவது, இக்னிஷன் டைமிங். பின்தங்கிய டைமிங் எஞ்சினைச் சூடாக்கும் என்பதை ஏசி பொருத்தும் பரபரப்பில் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் முள் ஏறினால், ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதிக்கும்போது கம்ப்ரஸரைத் துண்டிக்கும் ஒரு சின்ன சுவிட்சைப் பெடலுக்கு அடியில் வையுங்கள். அதுவும் போதாமல் பத்தாவது வளைவில் முள் சிவப்பைத் தொட்டால்: ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுதாகத் திறந்து, ப்ளோயரை முழு வேகத்தில் விட்டு, கண்ணாடிகளை இறக்குங்கள். ஹீட்டர் கோர் இரண்டாவது ரேடியேட்டராக வேலை செய்யும். கால் வேகும், எஞ்சின் பிழைக்கும். என் பால் வால்வு மூடியிருக்கும் மாதங்களில் இந்த வித்தை கைகொடுக்காது. மலைக்குப் போகும் நாளில் அதைத் திறந்துவிட்டுக் கிளம்புவேன்.

மேலே போய்ச் சேர்ந்து, வண்டியை அணைத்து, காபி குடித்து வந்தபின் ஸ்டார்ட் ஆகவில்லை, ஆனால் முள் நிதானமாகத்தான் இருக்கிறது என்றால் அது வேறு நோய். பெட்ரோல் குழாயிலோ கார்பரேட்டரிலோ பெட்ரோல் ஆவியாகியிருக்கிறது. சாவியைத் திருப்பியதும் பின்னாலிருந்து எஸ்.யு. பெட்ரோல் பம்ப் நிற்காமல் 'டிக் டிக்' என்று அடித்துக்கொண்டே இருந்தால் அதுதான். பானட்டைத் திறந்து வைத்துக் காத்திருங்கள். ஊருக்கு வந்ததும் பெட்ரோல் குழாயை ஏசியின் சூடான ஹை பக்கக் குழாயிலிருந்து தள்ளிக் கட்டுங்கள்.

ஏசி போட்டதும் எஞ்சின் நின்றுவிடுகிறது

சேலத்தில் நிற்காமல் ஏற்காட்டில் மட்டும் நின்றால் குழம்ப வேண்டாம். 1500 மீட்டரில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ 15 சதவீதம் குறைவு. எஞ்சின் பலமும் அந்த அளவு குறையும், கார்பரேட்டர் கலவையும் பெட்ரோல் மிகுந்ததாகிவிடும். நோஞ்சானாகிவிட்ட எஞ்சின் மேல் கம்ப்ரஸர் ஏறி உட்கார்கிறது. கம்ப்ரஸர் கிளட்ச் பிடிக்கும்போது ஐடிலை (வண்டி நிற்கையில் எஞ்சின் சுற்றும் வேகத்தை) தானாக உயர்த்தும் வாக்குவம் ஆக்சுவேட்டர் பழைய ஏசி மாருதிகளில் இருக்கும். அதைத் தேடிப் பொருத்துங்கள். ஐடில் திருகை நிரந்தரமாகக் கூட்டி வைப்பது சோம்பேறி வேலை. சிக்னலில் உறுமும், பெட்ரோல் குடிக்கும்.

விளக்கு மங்குகிறது, கம்ப்ரஸர் கிளட்ச் வழுக்குகிறது, ஃப்யூஸ் எரிகிறது

காகிதத்தை எடுத்துக் கூட்டல் போடுங்கள். ப்ளோயர் முழு வேகத்தில் 10 ஆம்பியர், கண்டன்ஸர் விசிறி 10, கம்ப்ரஸர் கிளட்ச் 4, ஹெட்லைட்டுகள் 9, இக்னிஷன் 4, மழை பெய்தால் வைப்பர் 3. நாற்பது ஆம்பியர். வண்டியில் இருந்த லூகாஸ் டைனமோ கொடுப்பது 22 ஆம்பியர், அதுவும் எஞ்சின் வேகமாகச் சுற்றும்போது. சிக்னலில் நிற்கையில் அது தருவது ஆசீர்வாதம் மட்டுமே. டைனமோவை வைத்துக்கொண்டு ஏசி போட்டவர்கள் எல்லோரும் இரண்டாவது வாரத்தில் ஆல்டர்னேட்டருக்கு வந்து சேர்கிறார்கள். முதல் வாரத்திலேயே வந்துவிடுங்கள். 55 ஆம்பியருக்குக் குறையாமல் பாருங்கள்.

ஆல்டர்னேட்டர் வந்தால் வண்டியை நெகட்டிவ் எர்த்தாக மாற்ற வேண்டும். இந்த மாற்றத்தில் மூன்று கண்ணிகள் உண்டு. ஒன்று, எஞ்சின் சுற்றைக் காட்டும் அந்தக் காலத்து ஸ்மித்ஸ் டாக்கோமீட்டர் முனை மாற்றத்தை ஏற்காது. உள்ளே வயரிங்கை மாற்றாமல் இணைத்தால் பழுதாகும். இரண்டு, மேலே சொன்ன இரண்டு மோட்டார்கள். பாஸிட்டிவ் எர்த்துக்காக மாற்றி இணைத்தவற்றை இப்போது திருப்ப வேண்டும். மூன்றாவது, யாருக்கும் தோன்றாதது: கம்ப்ரஸர் கிளட்ச் சுருளின் குறுக்கே, மின்சாரத்தை ஒரு பக்கம் மட்டும் விடும் ஒரு சின்ன டயோடு இருக்கும். சுருளுக்கு முனை பேதம் கிடையாது, டயோடுக்கு உண்டு. முனை மாறியதும் டயோடு நேர்வழி திறந்துகொண்டு ஃப்யூஸை எரிக்கும். ஏசி சுவிட்சைத் தட்டியதும் ஃப்யூஸ் போகிறது, கம்ப்ரஸர் கையால் சுற்றினால் லகுவாகச் சுற்றுகிறது என்றால் வேறெதையும் பிரிக்காமல் இதைப் பாருங்கள்.

கிளட்ச் வழுக்கினால், ஓடிக்கொண்டிருக்கும்போதே கிளட்ச் வயரில் வோல்ட் அளவெடுங்கள். பேட்டரியில் 13.8 இருந்து, கிளட்ச்சில் 11க்குக் கீழே இருந்தால் வழியில் எங்கோ திருட்டு நடக்கிறது. பெரும்பாலும் பழைய இக்னிஷன் சுவிட்ச் வழியாகவே மின்சாரம் முழுவதையும் இழுத்திருப்பார்கள். பேட்டரியிலிருந்து நேராகத் தடித்த வயர், ஃப்யூஸ், ரிலே என்று போடுங்கள்.

இருபது நிமிடம் நன்றாக இருந்து, பிறகு கைவிடுகிறது

இரண்டு நோய்களுக்கு இதே முகம். பிரிப்பது எளிது: காற்றின் அளவைப் பாருங்கள்.

காற்றே குறைந்து நூலாக வந்து, அரை மணி அணைத்து வைத்தபின் பழையபடி வந்தால், கூலிங் காயில் மேல் பனி படிந்து அடைத்துவிட்டது. ஏசி தெர்மோஸ்டாட்டின் உணர்குழாய் காயில் தகடுகளுக்குள் செருகாமல் வெளியே தொங்குகிறது, அல்லது அது 2, 3 டிகிரியில் துண்டிக்கும்படி வைக்கப்படவில்லை. மழைக்காலத்தில் ப்ளோயரைக் குறைந்த வேகத்தில் வைத்து ஓட்டுபவர்களுக்கு இது அடிக்கடி வரும்.

காற்று குறையாமல் வருகிறது, குளிர் மட்டும் போய்விட்டது, கேஜில் லோ பக்கம் பூஜ்யத்துக்கும் கீழே இறங்குகிறது என்றால் அமைப்புக்குள் ஈரம். கூலிங் காயிலுக்குள் கேஸைப் பீய்ச்சும் எக்ஸ்பான்ஷன் வால்வின் ஊசித்துளையில் அந்த ஈரம் உறைந்து அடைக்கிறது. ஈரத்தை உறிஞ்சும் டிரையரை மாற்றி, உள்ளிருக்கும் காற்றையும் ஈரத்தையும் இழுக்கக் குறைந்தது முக்கால் மணி நேரம் வாக்குவம் பம்ப் ஓட்ட வேண்டும்.

வாக்குவம் என்றதும் ஏற்காட்டு அனுபவம் ஒன்று. மேலே ஒரு வீட்டு முற்றத்தில் வைத்து இந்த வேலையைச் செய்தோம். பம்ப் ஓடுகிறது, ஓடுகிறது, கேஜ் முள் 25 அங்குலப் பாதரச அளவைத் தாண்ட மறுக்கிறது. வேலைக்கு வந்தவர் சேலத்தில் 29 பார்த்துப் பழகியவர். கசிவு என்று ஒவ்வொரு மூட்டையும் சோப்பு நுரையால் குளிப்பாட்டினார். ஒரு குமிழிகூட இல்லை. மாலை நாலு மணிக்குத்தான் எனக்கு உறைத்தது: இந்த உயரத்தில் காற்றின் அழுத்தமே ஏறத்தாழ 25 அங்குலம்தான். இல்லாத காற்றை எப்படி உறிஞ்சுவது? மலையில் வாக்குவம் இழுத்தால் 25 வந்ததும் திருப்தி அடையுங்கள். பம்பை அணைத்து அரை மணி நேரம் முள் அசையாமல் நின்றால் கசிவில்லை. இதே காரணத்தால் லோ பக்க அழுத்தமும் மேலே சேலத்தைவிட 2 பி.எஸ்.ஐ. அளவு கூடுதலாகத் தெரியும். கேஜ் பொய் சொல்லவில்லை, ஊர் மாறியிருக்கிறது.

கண்ணாடி மூடிக்கொள்கிறது

சேர்வராயன் கோயில் பக்கம் மேகம் சாலையில் இறங்கும் நாளில் இது எரிச்சலைத் தாண்டி உயிர் விஷயம். விரலால் கண்ணாடியைத் தொடுங்கள்.

உள்பக்கம் ஈரம், வாடையில்லை: உங்கள் மூச்சும் நனைந்த செருப்பும். இதற்கு ஏசி தனியாகவும் போதாது, ஹீட்டர் தனியாகவும் போதாது. இரண்டும் சேர்ந்து ஓட வேண்டும். துணியைப் பிழிந்துவிட்டுக் காயப்போடுவதைப் போல, கூலிங் காயில் காற்றின் ஈரத்தைப் பிழிகிறது, ஹீட்டர் அதைச் சூடாக்குகிறது. உலர்ந்த சூடான காற்று கண்ணாடி ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். புதுக் கார்களில் இரண்டும் ஒரே பெட்டிக்குள் முன்னும் பின்னுமாக இருக்கும். என்னுடையதில் தனித்தனி. ஆகவே டேஷ்போர்டுக்குக் கீழே ஏசி உள்காற்றை உலர்த்த, ஸ்மித்ஸ் ஹீட்டரின் காற்றைக் கண்ணாடிப் பக்கம் திருப்பிவிடுகிறேன். அழகான ஏற்பாடல்ல. இரண்டு நிமிடத்தில் சாலை தெரிகிறது.

வெளிப்பக்கம் ஈரம்: ஏசியின் குளிர்ந்த காற்று கண்ணாடியில் நேராகப் படுகிறது. வாயைத் திருப்பி, வைப்பரை ஒரு தட்டுத் தட்டுங்கள்.

உள்பக்கம், துடைத்தால் எண்ணெய் போல இழுபடுகிறது, லேசான இனிப்பு வாடை: ஹீட்டர் கோர் கசிகிறது. அது கூலண்ட் ஆவி, விஷம். மூச்சில் வாங்கிக்கொண்டே ஊர் வந்து சேரலாம் என்று நினைக்காதீர்கள். ஹீட்டர் ஹோஸை மூடிவிட்டுக் கண்ணாடியை இறக்கி ஓட்டுங்கள்.

ஹீட்டர் வெதுவெதுப்பைத் தாண்டவில்லை

முதல் கேள்வி: எஞ்சின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாத தெர்மோஸ்டாட் எஞ்சினில் இருக்கிறதா? சமவெளி மெக்கானிக்குகள் பலர் பழைய வண்டியின் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவதை ஒரு சேவையாகவே செய்வார்கள். விளைவு, மலைக்குளிரில் எஞ்சின் 60 டிகிரியையே தொடாது. ஹீட்டர் எதைக் கொண்டு சூடாக்கும்? 82 டிகிரி தெர்மோஸ்டாட்டைத் திரும்பப் போடுங்கள். இருந்தும் சூடில்லையென்றால் கோருக்குள் காற்று சிக்கியிருக்கும். ஏற்றத்தில் மூக்கு மேலாக வண்டியை நிறுத்தி, மூடியைத் திறந்து வைத்தபடி குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பி, குமிழிகள் அடங்கும்வரை கூலண்டை ஊற்றுங்கள். ஏற்காட்டில் ஏற்றத்துக்குப் பஞ்சமில்லை. அதன் பிறகும் ஒரு ஹோஸ் சுட்டு, மற்றது குளிர்ந்திருந்தால் கோர் அடைத்திருக்கிறது. எதிர்த்திசையில் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும்.

காலில் தண்ணீர் சொட்டுகிறது

ஏசி ஓடும்போது மட்டும், தெளிந்த தண்ணீர் என்றால் காயில் பெட்டியின் வடிகுழாய் அடைப்பு. மழை பெய்த மறுநாள், கலங்கிய தண்ணீர் என்றால் கண்ணாடிக்கு முன்னால் உள்ள காற்றுத் துவாரத்தின் வடிகால் அடைப்பு. சில்வர் ஓக் மரத்தடியில் வண்டியை நிறுத்துகிறவர்களுக்கு இது ஆண்டுக்கு இரண்டு முறை உறுதி. எம்.ஜி.பி.யில் அந்த ரப்பர் குழாய் கியர்பாக்ஸ் மேட்டுக்குள் இறங்குகிறது; வண்டிக்கு அடியிலிருந்து அதன் வாயை அமுக்கிப் பிசைந்தால் இலைச்சேறு கொட்டும். நிறமும் வழுவழுப்பும் இருந்தால் மறுபடி ஹீட்டர் கோர்.

பெல்ட் கத்துகிறது

பிராக்கெட் நேராக இல்லை. ஒரு நேர்ச்சட்டத்தை புல்லிகளின் முகத்தில் வைத்துப் பாருங்கள். லேத் பட்டறையில் கொடுத்து 8 மில்லிமீட்டர் தகட்டில் திரும்பச் செய்வது, மாதம் ஒரு பெல்ட் வாங்குவதைவிட மலிவு.

இனி கேஸ்

மேலே உள்ள எதுவும் இல்லை, லோ பக்கமும் ஹை பக்கமும் இரண்டுமே குறைவாகக் காட்டுகின்றன என்றால் இப்போது கேஸ் குறைந்திருக்கிறது என்று ஒப்புக்கொள்ளலாம். ஆனால் அது தானாகத் தீர்ந்துபோகும் பொருளல்ல; எங்கோ கசிந்திருக்கிறது. கேஸோடு எண்ணெயும் வெளியேறும் என்பதால், குழாய் மூட்டுகளில் தூசு ஒட்டிய எண்ணெய்க் கறையைத் தேடுங்கள். கம்ப்ரஸரின் மூக்கில் கறை இருந்தால் ஷாஃப்ட் சீல். மாதக்கணக்கில் உறையிட்டு நிறுத்திய காரில் அது காய்ந்து சுருங்கும். வாரம் பத்து நிமிடம் ஏசியை ஓட்டுவது அதற்கு வைத்தியம். ஹோஸ்கள் ஆர்-12 என்ற பழைய கேஸ் காலத்துச் சாதாரண ரப்பர் என்றால் ஆர்-134ஏ அதன் சுவர் வழியாகவே மெல்ல ஊடுருவிப் போகும். கேஸைத் தடுக்கும் உட்படலம் உள்ள பேரியர் ஹோஸுக்கு மாறுங்கள். எண்ணெயும் மாற வேண்டும். பழைய மினரல் ஆயில் ஆர்-134ஏயோடு கலக்காது.

"மலிவாக ஒரு கேஸ் இருக்கிறது, இதைவிட நன்றாகக் குளிரும்" என்று யாராவது பெயரில்லாத சிலிண்டரைக் காட்டினால் அது எரியும் வகையாக இருக்கலாம். கூலிங் காயில் உங்கள் முழங்காலுக்கு அருகில் இருக்கிறது, பழைய சுவிட்சுகள் பொறி விடும் வழக்கமுள்ளவை. வேண்டாம் என்று சொல்லிவிட்டு வண்டியை எடுங்கள்.

கேஸைத் தராசில் நிறுத்துப் போடச் சொல்லுங்கள். கேஜைப் பார்த்து உத்தேசமாகப் போடுவது, உப்பைக் கண்ணை மூடிக்கொண்டு போடுவதுதான். எத்தனை கிராம், எந்த எண்ணெய், எந்தத் தேதி என்று ஓர் அட்டையில் எழுதி பானட்டின் உள்பக்கம் ஒட்டுங்கள். என் வண்டியில் ஒட்டியிருக்கும் அட்டையில் மூன்று தேதிகள் இருக்கின்றன. முதல் இரண்டின் மேலும் நானே கோடு போட்டு, பக்கத்தில் 'ஹீட்டர் வால்வு' என்று எழுதி வைத்திருக்கிறேன்.